பால் வண்டிக்கு மட்டும் வழி

பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டதும் சின்னவனுக்குப் பால் மறக்கடித்துவிட வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள். பெரிய பிள்ளைகள் இரண்டும் வீட்டில் இருக்கும், விளையாட்டுக் காட்டும், அவன் நினைப்பு அந்தப் பக்கம் போய்விடும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரியானதுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் போடுகிற கணக்கு. நடுவில் ஒரு புளியமரம் வந்து விழும் என்று யாருக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, பால் மறக்கடிப்பது என்றால் என்னவென்று உங்களில் சில பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையை ஒரு வயதுக்கு மேல் அதிலிருந்து விலக்க வேண்டும். அவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம். எங்கள் சின்னவனுக்கு அப்போது இரண்டரை வயது. ஓடுவான். கோழியை விரட்டிக்கொண்டு போவான், கோழி திரும்பிப் பார்த்தால் அதைவிட வேகமாக ஓடிவருவான். நாலு வார்த்தை பேசுவான். கறிக்குழம்பு ஊற்றிச் சோறு தின்பான். தின்று முடித்து, கையைக்கூடக் கழுவாமல், நேராகப் போய் அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொள்வான்.

முதலில் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பார்த்தாள். அதுதான் வழக்கம். முதல் தடவை அவன் முகத்தைச் சுளித்துத் துப்பினான். எங்களுக்குச் சந்தோஷம். அடுத்த தடவை அவள் முந்தானையை இழுத்து அவனே துடைத்துவிட்டுக் குடித்தான். அதற்கடுத்த தடவை துடைக்கவும் இல்லை. பிறகு ஒரு நாள் அவள் பூச மறந்துவிட்டாள். அவன் பாதியில் நிமிர்ந்து, ஏதோ குறைகிறதே என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான்.

"இது புள்ள இல்லீங்க, ஆட்டுக்குட்டி," என்றாள் என்னிடம். "வேப்பந்தழைய தின்னுட்டு நல்லா கொழுத்துக்கினு வருது."

ஆகவே அடுத்த வழி. அதுவும் எல்லோரும் செய்வதுதான். தாய் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வேறு ஊரில் போய் இருந்துவிட வேண்டும். அவளுடைய அக்காவைத் திருநாவலூரில் கட்டிக் கொடுத்திருந்தது. காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில் மாறினால், மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

"மூணு ராத்திரி அக்கா வூட்ல இருந்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள மறந்துடும்."

"மறக்கலைன்னா?"

"அப்ப நீங்க இன்னாத்துக்கு இருக்கறீங்க?"

நான் எட்டாவது வரைதான் படித்தவன். ரைஸ்மில்லில் மூட்டை வாய் தைக்கிற வேலை. கோணி ஊசியும் சணலும் கொடுத்தால் எந்த மூட்டையையும் சிந்தாமல் தைத்துவிடுவேன். மூன்று பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தது கிடையாது. ஆனாலும் மூட்டையைப் போலத்தான் இருக்கும், வாயை அடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னவன் தெருவாசலில் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் படாமல் அவள் பின்கதவைத் திறந்து, வேலியோரமாகக் குனிந்து குனிந்து, வெள்ளரிக்காய் திருடப் போகிறவளைப் போலப் போனாள். பெரியவளுக்கும் நடுப்பையனுக்கும் விஷயம் தெரியும். பெரியவள் மூன்றாவது முடித்திருந்தாள். அம்மா போனதும் கதவைச் சாத்திவிட்டு, "நான்தான் இனிமே வூட்டுக்குப் பெரிய ஆளு," என்றாள். நடுப்பையன் ஒன்றாவது. சாத்திய கதவின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷங்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் எங்களுக்கென்று தனியாகப் பங்கு ஒதுக்கிக் கொடுங்கள் என்று எங்கள் மாவட்டம் பூராவும் பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கேட்டவர்கள் பெரும்பாலும் ஏர் ஓட்டுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். மனு கொடுத்தால் யாரும் படிப்பதில்லை என்று ரோட்டை மறித்தார்கள். சில நாள் உட்கார்ந்து மறித்தார்கள், சில நாள் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். எப்போது அடைக்கும், எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. உயிர்கள் போயின. குடிசைகள் எரிந்தன. அடுத்தடுத்த தெருக்காரர்கள் முகம் பார்க்காமல் நடந்தார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அதை ஒழுங்காக எழுத எனக்குப் படிப்பு போதாது. நான் எழுதுவது எங்கள் வீட்டு வாசல்படியில் நடந்ததை மட்டும்.

அவள் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரம் விழுந்துவிட்டது.

மறுநாள் மூன்று பிள்ளைகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனேன். சின்னவன் ராத்திரி அழுத அழுகையில் தொண்டை கட்டி, வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். வேடிக்கை காட்டினால் சரியாகும் என்று நினைத்தேன். நல்ல வேடிக்கைதான். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம், அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று, அதற்கும் அந்தப் பக்கம் இன்னொன்று. கிளைகளுக்கு நடுவில் கொஞ்சம் பேர் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் போன நேரம், கேனைக் கட்டிக்கொண்டு ஒரு பால்காரர் சைக்கிளில் வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, கிளையைத் தூக்கிப் பிடித்து, அவர் குனிந்து போகிறவரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பல் துலக்கியவர் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னிடம் வந்தார். "பால் வண்டி, சாவு, பிரசவம். இந்த மூணுக்குத்தான் வழி. நீ இன்னா?"

"நான் போவலீங்க. எம் பொண்டாட்டி திருநாவலூர்ல இருந்து வரணும்."

"பிரசவமா?"

"இல்லீங்க. பால் மறக்கடிக்கப் போயிருக்குது."

அவர் சைக்கிளில் இருந்த சின்னவனைப் பார்த்தார். சின்னவன் வாயைத் திறந்து மூடினான்.

"அப்ப இன்னா அவசரம். நல்லா மறக்கட்டும்," என்றார்.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவள் கேட்டாள். "ஏம்ப்பா, இப்படி ரோட்டை மறிச்சா கேட்டதைக் குடுப்பாங்களா?"

"குடுக்கற வரைக்கும் மறிப்பாங்க."

எவ்வளவு தெளிவான பதில் என்று அப்போது எனக்கே திருப்தியாக இருந்தது.

லாரி ஓடாததால் மில்லையும் மூடிவிட்டார்கள். மில் வாசலில் ஒருவர் தம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலையில் இருந்து வருஷா வருஷம் சாமை குத்த வருகிறவர். குத்திய சாமை அரிசியோடு மலைக்குத் திரும்ப வேண்டும். கச்சிராயபாளையத்துக்கும் பஸ் இல்லை. என்னைவிடப் பெரியவர், பழக்கமானவர். மூட்டையைச் சைக்கிளில் வைத்து அவரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருந்தால் எனக்கும் தைரியம்.

"நாளைக்குக் காலையில நடந்தே போயிடுவேன், தம்பி," என்றார்.

மறுநாள் காலை நான் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாசல்படிக்குக் குறுக்கே மறியல் நடந்துகொண்டிருந்தது. மில்லில் இருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த காலிச் சாக்குகள், தலையணைகள், ஒரு முருங்கைக் கிளை, நடுவில் மலைக்காரரின் சாமை மூட்டை. அதை மூன்றும் சேர்ந்து எப்படி உருட்டினார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. மூட்டைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் சின்னவன், என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு.

"இன்னாடி இது?"

"மறியல்," என்றாள் பெரியவள்.

"எதுக்கு?"

அவள் நடுப்பையனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாமை மூட்டையின் தையலை நோண்டினான். அவள்தான் சொன்னாள். "ராத்திரி அம்மா பக்கத்துல படுக்கறதுல எங்களுக்குப் பங்கு வேணும். எப்பப் பாத்தாலும் சின்னவனே படுத்துக்கினு கெடக்கறான். இவனுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம்."

"அப்ப சின்னவன்?"

"அவனுக்குத்தான் பால் மறந்துடப் போவுதே."

சின்னவன் யாருடைய இடத்தைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எல்லோரையும்விடச் சத்தமாக, "பங்கு, பங்கு," என்று கத்தினான். முந்தின நாள் கட்டியிருந்த தொண்டை திறந்துவிட்டது.

"அம்மா வந்ததும் பேசிக்கலாம்," என்றேன்.

"அப்ப அம்மா வர்ற வரைக்கும் வழி கெடையாது."

தலையில் குடம், இடுப்பில் குடம். நான் யோசித்தேன். பால் வண்டி இல்லை. பிரசவமும் இல்லை.

"சாவு," என்றேன்.

மூவரும் ஒரு நிமிஷம் குசுகுசுவென்று பேசினார்கள்.

"செத்தவங்க கொடம் தூக்கினு வருவாங்களா?" என்றாள் பெரியவள்.

"தண்ணி தூக்கி தூக்கியே செத்துட்டேன்."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. பிணத்தைத் தூக்க ஆள் போதாது என்பதால் பிணமே நடந்து வரலாம் என்று முடிவானது. ஆனால் மேளம் இல்லாமல் சாவு போகாது. நடுப்பையன் சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடித்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள், நல்ல குரல். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குடத்தோடு சாமை மூட்டையைத் தாண்டி என் வீட்டுக்குள் போனேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பின்னாடி ஒரு கதவு இருக்குது இல்ல?"

"இருக்குதுண்ணே."

"அதுல வர்றதுக்கு இன்னா?"

எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் அவ்வளவு பாடுபட்டு மூட்டையை உருட்டியிருக்கிறார்கள். பின்கதவு வழியாக வந்தால் அவர்கள் மறித்தது எதை? அவர்கள் அம்மாவும் அந்தக் கதவு வழியாகத்தான் சொல்லாமல் போனாள். அந்தக் கதவைப் பார்க்கவே சின்னவனுக்கு ஆகவில்லை.

"வேணாம்ணே. முன்பக்கமே போவோம்," என்றேன்.

அவர் வெளியே போக வேண்டியிருந்ததால் எழுந்து மறியலுக்குப் போனார்.

"சாவா, மலைப் பெரியப்பா?" என்றாள் பெரியவள்.

"நான் சாவ மாட்டேன். எம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

"அப்ப பிரசவம்தான்."

அவர் நரைத்த மீசையைத் தடவினார். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அம்மாடி," என்று முனகிக்கொண்டே மூட்டையைத் தாண்டினார். திரும்பி வந்தபோது, "இன்னா கொழந்த?" என்று நடுப்பையன் கேட்டான். "பொட்டப்புள்ள," என்றார். அடுத்த தடவை ஆண்பிள்ளை. அதற்கடுத்த தடவை, வெயில் ஏறிவிட்டதால், "ரெட்டப் புள்ள, சீக்கிரம் வழி வுடு," என்றார். எத்தனை பெற்றோம் என்று அவருக்கே கணக்கு விட்டுப்போனது.

"நாளைக்கு நடந்துடுவேன், தம்பி," என்று அன்றைக்கும் சொன்னார். "ஆனா எம் மூட்டை மறியல்ல கெடக்குது."

பால் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம். அம்மா போனதில் இருந்து சின்னவன் பாலை வாயில் வைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் எருமைப் பால் வாங்கிக் காய்ச்சி, ஆற்றி, சர்க்கரை போட்டு, டம்ளரில் கொடுத்தால் தட்டிவிடுவான். சங்கில் புகட்டினால் என் சட்டையில் துப்புவான். என் சட்டையெல்லாம் புளித்த வாடை. "எங்க மலையில கன்னுக்குட்டி மூஞ்சியில முள்ளு கட்டுவோம். தாய்கிட்டப் போனா தாயே உதைக்கும்," என்றார் மலைக்காரர். கொஞ்சம் யோசித்து, "இங்க தாய் இல்லையே," என்று அவரே அதை விட்டுவிட்டார்.

அன்று மதியம் பக்கத்துத் தெரு எருமைக்காரரிடம் போய்விட்டுச் செம்போடு வந்தேன். சாக வேண்டிய அவசியம் இல்லை என்ற நிம்மதியோடு, "பால் வண்டி," என்றேன்.

பெரியவள் வழிவிட எழுந்தாள். பிறகு நின்றாள். "பால்தான்னு எப்படித் தெரியும்? உள்ள தண்ணி வச்சிக்கினு பால்னு சொன்னா?"

"மோந்து பாரு."

"மோந்தா தெரியாது. குடிச்சிப் பாக்கணும்."

செம்பில் குடித்துப் பார்க்கக் கூடாது, டம்ளரில் ஊற்றித்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மலைக்காரர் உள்ளேயிருந்து டம்ளரை எடுத்து நீட்டினார். பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "பால்தான்," என்றாள். நடுப்பையன் ஒரு வாய் குடித்து, "பால்தான்," என்றான். டம்ளர் உள்ளே திரும்பப் போகும்போது ஒரு கை குறுக்கே வந்தது.

"நானு," என்றான் சின்னவன்.

தலையில் துண்டு நழுவிக் கண்ணை மறைத்திருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான். யோசித்தான். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பவனைப் போல இன்னொரு வாய் குடித்தான். பிறகு டம்ளரைக் கவிழ்த்து வாயில் ஊற்றிக்கொண்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு சொன்னான்: "பாலுதான். போ."

நான் உள்ளே போகவில்லை. அப்படியே திரும்பி எருமைக்காரர் வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். "பால் வண்டி," என்றேன். மறுபடியும் பரிசோதனை. அவன் மறுபடியும் பொறுப்பாகக் குடித்தான். பிறகு மலைக்காரரும் நானும் முறை வைத்துக்கொண்டோம். அவர் டம்ளரோடு பின்கதவு வழியாகப் போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் பால் வண்டியாக வருவார். அவர் பின்கதவில் போவதை மறியல்காரர்கள் பார்க்கவில்லை. பார்த்தாலும் பின்கதவைப் பற்றி அவர்கள் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அடுத்து நான். சின்னவன் குடித்தது பரிசோதனைக்காக மட்டும். பால் குடிக்கிறாயா என்று சாதாரணமாகக் கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்வான். ஆனால் சந்தேகப்படும்படி ஒரு வண்டி வந்துவிட்டால் விடமாட்டான். இரண்டு நாளில் எருமைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "வூட்ல கல்யாணமா?" என்று கேட்டார்.

பொழுது இறங்கினால் மறியல் தானாகக் கலைந்துவிடும். மறியல்காரர்கள் சாக்கின்மேலேயே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தூங்குவார்கள். காலையில் மறுபடியும் உட்கார்ந்துகொள்வார்கள்.

அவள் வருகிறேன் என்று சொன்ன நாள் வந்தது, போனது. ரோடு திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருந்து சைக்கிளிலேயே வந்த ஒரு தெரிந்த ஆள் மில் வாசலில் என்னை நிறுத்தினார்.

"உங்க வூட்டம்மாவுக்குப் பால் கட்டிக்கினு காய்ச்சலாம். கைய தூக்க முடியலையாம். அக்கா வூட்ல சொல்லியனுப்பனாங்க."

பால் மறக்கடிப்பதில் குழந்தைக்குத்தான் கஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குடிக்க ஆள் இல்லாத பால் எங்கே போகும் என்று எனக்கு யோசிக்கத் தெரிந்திருக்கவில்லை. இங்கே நாங்கள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே அவள் அதே பாலால் காய்ச்சலில் கிடக்கிறாள். வீட்டுக்கு வந்து மலைக்காரரிடம் சொன்னேன்.

"நீ போ, தம்பி. புள்ளைங்களை நான் பாத்துக்கறேன்," என்றார். "எப்படியும் எம் மூட்டை இங்கதான் கெடக்குது."

விடிந்ததும் சைக்கிளுக்குக் காற்று அடித்து, மரம் வந்தால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தாண்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு வாசலுக்கு வந்தேன். மறியல் தொடங்கிவிட்டது.

"நீ இன்னாப்பா? சாவா?"

அன்றைக்கு அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

"அம்மாவுக்குக் காய்ச்சல்," என்றேன். "நான் போய்ப் பாத்துட்டுக் கூட்டினு வரணும்."

பெரியவள் நடுப்பையனைப் பார்த்தாள். "காய்ச்சலுக்கு வழி உண்டாடா?"

"அவங்க சொன்னதுல காய்ச்சல் இல்ல," என்றான் அவன். அவன் குரல் சின்னதாக இருந்தது. "எனக்குப் பங்கு வேணாம். சின்னவனே படுத்துக்கட்டும். அம்மா வந்தா போதும்."

"அதை அப்புறம் பேசலாம்டா," என்றாள் அவள். போராட்டத்தின் நடுவில் இப்படிப் பேசினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மலைக்காரர் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து நகர்த்தப் போனார்.

அப்போது தெருமுனையில் அவள் வருவது தெரிந்தது. கையில் மஞ்சள் பை. புடவையில் முழங்கால் வரைக்கும் புழுதி, தலைமுடியில் புளிய இலை. மெதுவாகத்தான் நடந்தாள். எவ்வளவு தூரம் நடந்தாள், யார் வண்டியில் ஏறினாள் என்பதெல்லாம் பிறகு சொன்னதுதான். ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் நின்று, "வூட்ல பால்குடி புள்ள கெடக்குது. பால் வண்டிக்கு வழி வுடறீங்க இல்ல? நானும் பால்தான் கொண்டுக்கினு போறேன்," என்றாளாம். கிளையைத் தூக்கிப் பிடித்தார்களாம். ஒரு இடத்தில், பல் துலக்கியவராகத்தான் இருக்க வேண்டும், "உன் வூட்டுக்காரன் வந்து கேட்டான்மா, வெவரமா கேக்கத் தெரியல," என்றாராம்.

அவள் பின்பக்கம் திரும்பவில்லை. தெருவாசலுக்கு நேராக வந்தாள். சாக்கையும் முருங்கைக் கிளையையும் மூட்டையையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. வழியெல்லாம் இதைப் பார்த்துப் பழகியிருந்தாள்.

"பால் வண்டி," என்றாள்.

நடுப்பையன் அதற்குமேல் தாங்கவில்லை. மூட்டைமேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பெரியவளும் போய்விட்டாள். ஒப்பாரி வைத்த அதே குரலில் நிஜமாகவே அழுதாள். அவர்கள் அம்மா இரண்டு பேரையும் ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையைத் தூக்க இன்னும் வலித்தது போலிருக்கிறது. சைக்கிளை விட்டுவிட்டு நானும் மூட்டையைத் தாண்டிக் கிட்டப் போனபோது அவளிடமிருந்து மல்லிகைப்பூ வாசனை வந்தது, தலையில் பூ இல்லை. பால் வற்றுவதற்காக அக்கா மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார். அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

மறியலில் சின்னவன் ஒருவன்தான் மிச்சம். அவன் எழுந்து நின்றான். மூட்டைக்கு மேல் அவன் தலையும் துண்டும் மட்டும் தெரிந்தன. அவளைப் பார்த்தான். அவள் முகம் மலர்ந்து, மெல்லக் குனிந்து, கையை நீட்டினாள். அவனுக்கும் முகம் மலர்ந்தது. ஆனால் கையைப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. பையைப் பார்த்தான்.

"டம்ளர் எங்க?" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். "பால்தானான்னு குடிச்சிப் பாக்கணும். அப்பத்தான் வுடுவான்," என்றேன்.

மலைக்காரர் உள்ளே போய் டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டு வந்து, மூட்டைக்கு மேலாக நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு சொந்த வீட்டு வாசலில் நின்று அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.

"பாலுதான்," என்றான். "போ."

வெளியே நின்ற எல்லோரையும்விட அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மலைக்காரர் தம் மூட்டையை ஒரு பக்கமாக நகர்த்தி வழிவிட்டார். அவள் உள்ளே வந்து சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். நடுப்பையன் உடனே ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொண்டான். பெரியவள் இன்னொரு பக்கம். சின்னவன் காலி டம்ளரோடு வாசலிலேயே நின்றான். நான் இன்னும் வெளியேதான் நின்றேன், என்னையும் சோதிக்க வேண்டும் அல்லவா.

"எவ்ளோ மரம் தாண்டி வந்தேன்," என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். "பால் எங்கேன்னு ஒருத்தரும் கேக்கலீங்க. எம் புள்ளதான் கேட்டுச்சு."